கடைமடை வரை

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்றும், வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் என்றும் நம் முன்னோர் நிலத்தைப் பகுத்து வைத்தார்கள். மதுரைக்குக் கிழக்கே, பெரியாற்று வாய்க்காலின் கடைமடையில் இருக்கிறது என்னுடைய பங்கு. எம்மக்கள் பெயரளவில் மருத நிலத்தார். வாய்க்காலில் நீர் வாராத ஆண்டுகளிலோ பாலை நிலத்தாராகவே வாழ்ந்து பழகியவர்கள். அவர்களில் பெரும்பாலோர் மலையைத் தொலைவிலிருந்து மட்டுமே கண்டிருந்தனர். "ஒரு முறையாவது எல்லாரும் சேர்ந்து மலைக்குப் போய் வருவோமே, சாமி" என்று நெடுநாளாகக் கேட்டுவந்தார்கள். 2024-ஆம் ஆண்டு காலாண்டுத் தேர்வு விடுமுறையில் அந்த விருப்பம் நிறைவேறியது.

அக்டோபர் 1, 2, 3 ஆகிய மூன்று நாள்கள். முதல் இரண்டு நாள்கள் கோடைக்கானல். மூன்றாம் நாள் மலையிறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கு, லோயர் கேம்ப், வைகை அணை, பின்பு வீடு. பங்குப் பேரவையினர் கூடித் திட்டமிட்டார்கள். ஓராண்டுக்கு முன்பே சீட்டுப் பிடிப்பதுபோல் வாரந்தோறும் 50 ரூபாய் வாங்கிச் சேர்த்தோம். என்னையன்றி 50 பேர் பெயர் கொடுத்தார்கள்.

அந்த ஐம்பதில் கடைசிப் பெயர் ஒரு மூதாட்டியுடையது. தம் பெயரை எழுதவேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டதால் ஊர் அழைக்கும் பெயரையே நானும் எழுதுகிறேன். எங்கள் ஊரில் அவர் 'லஸ்கர் வீட்டம்மா'. வாய்க்காலின் மதகுகளைத் திறந்து அடைக்கும் லஸ்கர் வேலையில் அவருடைய கணவர் இருந்தார். அவர் இறைவனடி சேர்ந்து பல்லாண்டுகள் ஆயின. பிள்ளைகள் வெளியூரில் வாழ்கின்றனர். எழுபத்தாறு வயது, தனி வீடு, இரண்டு ஆடுகள். ஞாயிறு முதல் திருப்பலிக்கு வந்து, பெண்கள் பக்கத்தின் கடைசித் தூணருகே அமர்ந்து, முடிந்ததும் ஓசையின்றிப் போய்விடுவார்.

பணத்தைக் கொண்டுவந்து கொடுத்த நாளில் அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "சாமி, நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி எறங்குற எடத்தைக் காட்டுவீங்களா? எங்க வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் அதைப் பார்க்காமலே போயிட்டாரு."

"கட்டாயம் காட்டுகிறேன், அம்மா" என்றேன். அவர் போன பிறகு உபதேசியார் என் காதோடு, "சாமி, அவங்களுக்கு நடை தளர்ந்துபோச்சு. எல்லாருக்கும் தாமதமாகும்" என்றார். அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. பெயரை ஏட்டில் எழுதிக்கொண்டபோது என் மனத்திலும் அதே கவலைதான் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

குழந்தை இயேசுவின் புனித தெரேசாள் திருநாளன்று அதிகாலையில் செபித்துப் புறப்பட்டோம். வத்தலக்குண்டைக் கடந்து மலைப்பாதையில் பேருந்து ஏறத் தொடங்கியதும், அதுவரை பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக மௌனமானார்கள். ஒவ்வொரு வளைவிலும் சமவெளி சிறுத்துக்கொண்டே போயிற்று. வயல்கள் பாய் விரித்தாற்போலவும் கண்மாய்கள் கண்ணாடித் துண்டுகள் போலவும் கீழே தெரிந்தன. "நம்ம ஊர் எந்தப் பக்கம்?" என்று குழந்தைகள் கேட்டார்கள். நான் கிழக்கே கையைக் காட்டினேன். அங்கே வெண்புகை போன்ற வெயிலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

சோதனைச் சாவடியில் இ-பாஸைச் சரிபார்த்து, பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகள் உண்டா என்று தேடிப் பார்த்து அனுப்பினார்கள். அந்த இடைவேளையில் இம்மலையின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சமவெளியின் வெப்பத்தாலும் நோயாலும் தம்மவர் பலரை இழந்த அமெரிக்க மறைப்பணியாளர்கள், 1845-இல் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். அன்று மோட்டார்ப் பாதை கிடையாது. மலையடிவாரம் வரை மாட்டுவண்டி. அதற்கப்பால் கால்நடை, அல்லது குதிரை. நடக்க இயலாத நோயாளிகளையும் பெண்களையும் குழந்தைகளையும் நாற்காலியில் அமர்த்தி, மூங்கில் கழிகளில் கட்டித் தோளில் சுமந்து ஏறினார்கள் கூலியாட்கள். சுமந்தவர்களின் பெயரை எந்த வரலாறும் எழுதிவைக்கவில்லை. மலையின் அழகை முதலில் கண்டவர்களில் பலர் பிறர் தோளில் இருந்தபடியே அதைக் கண்டார்கள் என்பது மட்டும் உண்மை.

வெள்ளி அருவி நல்ல வெள்ளத்துடன் விழுந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 180 அடி உயரத்திலிருந்து விழும் அந்நீர், மேலேயுள்ள ஏரியின் உபரிநீர். அந்த ஏரியோ இயற்கையாக அமைந்ததன்று. மதுரை ஆட்சித்தலைவராக இருந்த சர் வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்து உண்டாக்கியது. அருவியைக் கண்ட இளைஞர்கள் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். லஸ்கர் வீட்டம்மா அருவிக்கு எதிரே நின்று, "இம்புட்டுத் தண்ணியும் எந்தக் கம்மாய்க்குப் போகுது?" என்று கேட்டார். கண்மாயைக் கொண்டே உலகை அளப்பவர் அவர். அவருக்கு விடை சொல்லப் பொறுமையின்றி, நேரமாயிற்றென்று எல்லாரையும் நான் பேருந்தில் ஏற்றினேன்.

அடுத்து செண்பகனூரைக் கடந்தோம். 1895-இல் இயேசு சபையார் நிறுவிய திரு இருதயக் கல்லூரி அங்கே மரங்களுக்கிடையே நிற்கிறது. அதைப் பார்த்ததும் என் குருமடக் காலம் நினைவுக்கு வந்தது. 1992-இல் மாணவர்களாக நாங்கள் இம்மலைக்கு வந்தபோது, எங்களுக்கு மெய்யியல் கற்பித்த முதிய பேராசிரியரும் உடன் வந்தார். நடைப்பயணங்களில் அவர் எப்போதும் கடைசியாகவே நடப்பார். முதுமையால் பின்தங்குகிறார் என்று எண்ணிய நாங்கள் ஒருநாள், "எங்களோடு முன்னால் வாருங்கள், தந்தையே" என்று அழைத்தோம். அவர் சிரித்தார். "வழி தெரிந்தவன் முன்னே போகட்டும், பொறுப்புள்ளவன் பின்னே வருவான்" என்றார். அப்போது அதை நகைச்சுவையாகக் கொண்டோம். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, பேருந்தின் முன்னிருக்கையில், ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடி நான் அமர்ந்திருந்தேன்.

இரண்டாம் நாள், அக்டோபர் 2, காவல் தூதர்களின் திருநாள். மாலை ஆறு மணிக்குச் சலேத் அன்னை ஆலயத்தில் திருப்பலி நிறைவேற்ற அனுமதி பெற்றிருந்தோம். அதற்குள் பார்க்கவேண்டிய இடங்கள் என் ஏட்டில் ஏழு இருந்தன. பகலில் மூன்றை முடித்தோம். "முடித்தோம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். இறைவன் படைத்த மலைகளையும் காடுகளையும் வீட்டுப்பாடத்தைப் போல் ஒவ்வொன்றாக நான் முடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வோர் இடத்திலும் இருபது நிமிடம். பிறகு கைத்தட்டல், ஊதல், எண்ணிக்கை. இருக்கையில் அமர்ந்தோர் 50, நான் 51. "போகலாம்!"

மதிய உணவுக்குப் பின் விடுதிக்காரர் எங்களுக்கு வழிகாட்ட உள்ளூர் இளைஞர் ஒருவரை அனுப்பிவைத்தார். அவர் ஓட்டுநர் அருகே வாசற்படியில் நின்றவாறே வந்தார். பைன் மரக் காட்டைப் பார்த்துவிட்டுத் தூண் பாறைக்குப் போனோம். 400 அடி உயரத்துக்கு மூன்று கருங்கல் தூண்கள் அருகருகே நிமிர்ந்து நிற்கும் இடம் அது. நாங்கள் இறங்கியபோது பாறைகள் தெளிவாகத் தெரிந்தன. பத்து நிமிடங்களில் பள்ளத்திலிருந்து எழுந்த பனிமூட்டம், முதலில் பாறைகளையும் பிறகு வேலியையும் கடைசியில் எதிரே நின்றவர் முகத்தையும் மறைத்துவிட்டது. குளிர் தாங்காமல் பெண்களும் குழந்தைகளும் பேருந்துக்கு ஓடினார்கள். நான் வாசலில் நின்று தலைகளை எண்ணினேன். ஐம்பது. எண்ணிக்கை சரியாக இருந்தது. மணி நாலரை. புறப்பட்டோம்.

ஆறு மணிக்குச் சலேத் அன்னை ஆலயத்தில் இருந்தோம். 1866-இல் எழுப்பப்பட்ட ஆலயம் அது. பிரான்சு நாட்டில் ஆல்ப்ஸ் மலைச் சாரலில், 1846-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள், மாடு மேய்த்துக்கொண்டிருந்த மேலானி, மாக்சிமின் என்னும் இரு சிறாருக்கு மரியன்னை கண்ணீருடன் காட்சியளித்ததன் நினைவாக அதற்கு அப்பெயர். நான் திருவுடை அணியப் போனேன். அப்போது எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, கையில் பழைய பழுப்பு நிறச் சால்வையுடன் வந்து நின்றாள்.

"சாமி, லஸ்கர் வீட்டுப் பாட்டி எங்கே? இதை வச்சிருன்னு குடுத்தாங்க. இப்பக் குளிருமே."

கோயிலுக்குள் பார்த்தோம்; இல்லை. வாசலில் பார்த்தோம், இல்லை. பேருந்திலும் இல்லை. அவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த பெண், வளைவுகளில் தலைசுற்றியதால் முன்னிருக்கைக்கு மாறிவிட்டிருந்தார். பின்னால் இருந்தவர்கள் பாட்டியும் முன்னால் போய்விட்டதாக நினைத்தார்கள். முன்னால் இருந்தவர்கள் பின்னால் இருப்பதாக நினைத்தார்கள். "அப்படியென்றால் எண்ணிக்கை எப்படிச் சரியாக வந்தது?" என்று நான் கேட்டேன். வழிகாட்டி வந்த இளைஞர் தலைகுனிந்தார். "குளிராக இருந்ததால், காலியாகக் கிடந்த இருக்கையில் நான் உட்கார்ந்துகொண்டேன், ஃபாதர்" என்றார்.

அவர்மேல் எந்தப் பிழையும் இல்லை. காலியிடம் கண்டார், அமர்ந்தார். தலைகளை எண்ணிய நான் முகங்களைப் பார்க்கவில்லை. ஐம்பது என்ற எண் எனக்குப் போதுமானதாக இருந்தது.

எல்லாரையும் செபமாலை சொல்லுமாறு கூறிவிட்டு, உபதேசியாரும் நானும் அந்த இளைஞர் ஏற்பாடு செய்த ஜீப்பில் தூண் பாறைக்குத் திரும்பினோம். இருட்டிவிட்டது. விளக்கொளி பனிமூட்டத்தில் நாலடி தூரத்துக்குமேல் போகவில்லை. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிச் சாலையின் வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். வேலிக்கு அப்பால் என்ன பள்ளம் இருக்கிறதென்று பகலில்தான் பார்த்திருந்தேன். சால்வை இல்லாத எழுபத்தாறு வயது, கையில் கைப்பேசி இல்லை, ஊர் தெரியாது. அன்று பகலில் எத்தனையோ காட்சிகளைப் பார்த்த என் கண்களுக்கு அவற்றில் ஒன்றுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை.

தூண் பாறைக்கு எதிரே வரிசையாக இருந்த கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. ஒன்றில் மட்டும் விளக்கு எரிந்தது. தேநீர்க் கடை. அடுப்பருகே பலகையில், கம்பளி போர்த்தி, இரு கைகளாலும் குவளையைப் பிடித்தபடி லஸ்கர் வீட்டம்மா அமர்ந்திருந்தார். கடைக்காரப் பெண் எங்களைக் கண்டதும் எழுந்து, "இவங்களுக்குச் சொந்தக்காரங்களா நீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு "ஆம்" என்று சொல்ல என் நா கூசியது. கைகழுவும் இடத்துக்குப் போய்த் திரும்பிய மூதாட்டி பேருந்தைக் காணாமல் பனியில் நின்றதைப் பார்த்து அவர் அழைத்துவந்திருக்கிறார். தம்முடைய கடைசிப் பேருந்தையும் விட்டுவிட்டு எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார். நெற்றியில் திருநீறு, கடையின் மூலையில் முருகன் படம். நான் பணம் எடுத்தபோது அவர் முகம் மாறியது. "காசுக்கா உக்கார வச்சேன்? போங்க சாமி, அவங்களை மொதல்ல கூட்டிட்டுப் போங்க" என்றார். அவரையும் ஜீப்பில் ஏற்றி அவர் வீட்டருகே இறக்கிவிட்டோம். நல்ல சமாரியரின் உவமையைப் பலமுறை மறையுரையில் விளக்கியிருக்கிறேன். அந்த உவமையில் விலகிப்போன குருவின் இடத்தில் நான் நின்றது அன்றுதான்.

திரும்பும் வழியில் நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே கேட்டார்:

"நான் இல்லேன்னு எப்பத் தெரிஞ்சுது, சாமி?"

கோபம் அக்குரலில் இல்லை. நேரத்தைத் தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார். "ஆறு மணிக்கு, அம்மா" என்றேன். நாலரை மணிக்கு நாங்கள் புறப்பட்டதை அவரும் அறிவார்.

"சரி, பரவாயில்லே" என்றார். சற்றுப் பொறுத்து, "போன கார்த்திகையில காய்ச்சல் வந்து கெடந்தேன், சாமி. மூணு ஞாயித்துக்கெழமை பூசைக்கு வரலே. அப்பவும் கோயில் நெறைஞ்சுதான் இருந்திருக்கும்" என்றார்.

அன்பு வாசகர்களே, மூன்று ஞாயிறுகள்! கடைசித் தூணருகே ஓர் இடம் காலியாக இருந்திருக்கிறது. அல்லது வேறொருவர் அங்கே அமர்ந்திருக்கிறார். பீடத்தில் நின்று கூட்டத்தைக் கண்டு நான் மகிழ்ந்திருக்கிறேன். தூண் பாறையில் நான் செய்த தவறு ஒன்றரை மணி நேரத் தவறு. பங்கில் நான் செய்த தவறோ மூன்று வாரத் தவறு. அவர் சொல்லியிராவிட்டால் என்றைக்குமே அது எனக்குத் தெரிந்திராது. "மன்னித்துக்கொள்ளுங்கள், அம்மா" என்றேன். "நீங்க ஒத்தை ஆளு, சாமி, என்ன செய்வீங்க" என்றார். என்னை ஆறுதல்படுத்தச் சொன்ன அந்தச் சொல் என்னை அதிகமாகச் சுட்டது.

திருப்பலி அன்று இரவு எட்டு மணிக்குத் தொடங்கியது. மலையின் எழிலைப் பற்றி நான் எழுதிவைத்திருந்த மறையுரையை மடித்துப் பைக்குள் வைத்தேன். லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைச் சொன்னேன். எருசலேம் திருவிழா முடிந்து நாசரேத்துக்குத் திரும்பியதும் ஒரு கூட்டுப் பயணமே. பிள்ளை உறவினர் கூட்டத்தில் இருப்பார் என்று எண்ணி, மரியன்னையும் சூசையப்பரும் ஒருநாள் பயணம் நடந்துவிட்டார்கள். உலகத்திலேயே அன்பு மிகுந்த பெற்றோருக்கும் அது நேர்ந்தது. கூட்டத்தில் போகும்போது, "யாரோ பார்த்துக்கொள்வார்கள்" என்ற நினைப்பு நம் எல்லாருக்கும் எளிதில் வந்துவிடுகிறது. ஆனால் அவர்கள் தெரிந்த மறுகணமே திரும்பி நடந்தார்கள். மூன்றாம் நாள் கண்டடையும்வரை ஓயவில்லை. இதைச் சொல்லி, எல்லார் முன்னிலையிலும் அம்மூதாட்டியிடம் மீண்டும் மன்னிப்புக் கேட்டேன். அவர் நாணத்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். சால்வையைக் காத்துவைத்திருந்த சிறுமி அவர் மடியில் தலைவைத்து உறங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை புறப்படவே தாமதமாயிற்று. முந்தின இரவில் விட்டுப்போன கடைவீதியைப் பார்க்கவேண்டுமென்று சிலர் விரும்பினார்கள். சாக்லேட்டும் யூகலிப்டஸ் தைலமும் வாங்காமல் கோடைக்கானலை விட்டு இறங்குவதா? அதைச் செய்தால் லோயர் கேம்புக்கு நேரம் இராது. "தண்ணிக் குழாயைப் பார்க்கவா அவ்வளவு தூரம்? அதை விட்டுடலாம்" என்றொரு குரல் எழுந்தது. நான் வாய் திறக்குமுன் இளைஞர் ஒருவர் எழுந்து, "பாட்டி அதுக்காகத்தானே வந்தாங்க? தைலம் மதுரையிலேயே கிடைக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பேருந்து இறங்கத் தொடங்கியது. நான் ஒலிவாங்கியை உபதேசியாரிடம் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய் அமர்ந்தேன்.

பெரியகுளம், தேனி கடந்து கம்பம் பள்ளத்தாக்கில் நுழைந்தபோது வேறோர் உலகம் விரிந்தது. இருபுறமும் மலைச்சுவர்கள், நடுவே நெல்லும் தென்னையும் வாழையும். கம்பத்தை நெருங்க நெருங்கத் திராட்சைப் பந்தல்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சை இது. பிரெஞ்சு நாட்டுக் குரு ஒருவர் 1832-இல் இவ்வகையைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. பந்தலின் நிழலில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டோம். முந்தின நாள் ஏழு இடங்களைப் பார்த்தபோது கிடைக்காத அமைதி, அந்த ஒரே பந்தலடியில் கிடைத்தது.

பிற்பகலில் லோயர் கேம்பை அடைந்தோம். செங்குத்தான மலைச்சரிவில் பெரிய இரும்புக் குழாய்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. அவை சுமந்துவரும் நீரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பெரியாறு மேற்கே பாய்ந்து அரபிக் கடலில் கலக்கும் ஆறு. கிழக்கேயோ வறண்ட சமவெளி. 1876 முதல் 1878 வரை வந்த கொடிய பஞ்சத்தில் எண்ணற்றோர் மாண்டனர். 1887-இல் தொடங்கி, காய்ச்சலையும் காட்டு வெள்ளத்தையும் எதிர்த்து, கர்னல் பென்னிகுக் தலைமையில் அணை கட்டப்பட்டது. மலையைக் குடைந்து, ஒரு மைலுக்குச் சற்று அதிகமான நீளத்தில் சுரங்கம் வெட்டி, நீரைக் கிழக்கே திருப்பினார்கள். 1895 அக்டோபரில் பணி நிறைவுற்றது. பிற்காலத்தில் அந்நீரைக் கொண்டே இங்கு மின்சாரமும் எடுக்கிறார்கள். பின்னர் அது சுருளியாற்றோடு கலந்து வைகையை அடைந்து, 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தங்கி, பேரணையில் வாய்க்காலாகப் பிரிந்து, எங்கள் ஊர்க் கண்மாய் வரை வருகிறது. பென்னிகுக்குக்கு 2013-இல் எழுப்பப்பட்ட மணிமண்டபமும் லோயர் கேம்பில் இருக்கிறது. இப்பள்ளத்தாக்கின் மக்கள் அவர் பிறந்த நாளான ஜனவரி 15 அன்று பொங்கல் வைத்து நன்றி செலுத்துகிறார்கள். அணையில் உழைத்து மாண்ட தொழிலாளர் பலரையும் அந்நாளில் நாம் நினைக்கவேண்டும்.

லஸ்கர் வீட்டம்மா என் விளக்கம் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. மின்நிலையத்தைக் கடந்து வரும் நீர் ஓடும் இடத்தை, சாலையோரம் படிபோல் இருந்த ஒரு மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, பிடித்துக்கொள்ளச் சொல்லி என் கையைப் பற்றினார். இருபது அடி தூரம் இறங்கக் கால்மணி நேரம் ஆயிற்று. மற்ற எல்லாரும் மேலே காத்திருந்தார்கள். ஒருவரும் நேரம் பார்க்கவில்லை. அவர் குனிந்து நீரை அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டார்.

"இம்புட்டுத் தூரத்துல இருந்தா வருது!" என்றார். "அவரு சொல்வாரு, சாமி: தலைமடைக்காரன் வயல் நெறைஞ்சா அது பெரிசில்லே, தண்ணி தானா பாயும். கடைமடைக்காரன் வயல் நனைஞ்சாத்தான் லஸ்கர் வேலை பார்த்திருக்கான்னு அர்த்தம். ராத்திரியெல்லாம் கை விளக்கை எடுத்துக்கிட்டுக் கடைமடை வரைக்கும் நடந்து பார்த்துட்டுத்தான் வந்து படுப்பாரு."

குருமடத்தில் ஏழாண்டுகள் இறையியலும் மெய்யியலும் கற்றேன். மேய்ப்புப் பணிக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த நூலிலும் வாசித்ததில்லை. பீடத்தருகே அமர்வோருக்கும் பேரவையில் இருப்போருக்கும் எதுவும் தானாக வந்து சேர்ந்துவிடும். கடைசித் தூணருகே இருப்பவரிடம் அது போய்ச் சேர்ந்ததா என்று விளக்கெடுத்துக்கொண்டு நடந்து பார்ப்பதற்குத்தான் பங்குத்தந்தை வேண்டும்.

அன்பிற்குரிய பங்குக் குடும்பங்களே, விடுமுறைகளில் நீங்களும் கூட்டமாக மலைக்கும் சமவெளிக்கும் பயணம் போவீர்கள். போய்வாருங்கள், இறைவனின் படைப்பைக் கண்ணாரக் காண்பது நல்லது. என் தவற்றிலிருந்து நான் கற்ற சிலவற்றைச் சொல்கிறேன். எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள்; பெயர் சொல்லி அழையுங்கள். இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் இல்லாமல் மற்றவர் வண்டி ஏறக்கூடாதென்று விதி செய்யுங்கள். முதியோரிடமும் சிறுவரிடமும் தலைவரின் கைப்பேசி எண்ணையும் தங்குமிடத்தின் பெயரையும் தாளில் எழுதிக் கொடுங்கள். பொறுப்பான ஒருவர் எப்போதும் கடைசியாக நடக்கட்டும். ஏழு இடங்களை ஓடிப் பார்ப்பதைக் காட்டிலும் மூன்று இடங்களை இருந்து பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவர் எதைக் காண விரும்பி வந்தார் என்று புறப்படுமுன் கேட்டுவையுங்கள்.

ஊர் திரும்பியபின் எங்கள் அன்பியங்கள் ஒவ்வொன்றிலும் ஓர் ஏடு வைத்திருக்கிறோம். இரண்டு ஞாயிறு வாராதவரின் பெயர் அதில் எழுதப்படும். அன்று மாலையே ஒருவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டவேண்டும். சில வாரங்களில் நாங்கள் தவறவும் செய்கிறோம். ஆயினும் ஏடு இருக்கிறது, தவறினால் தெரிகிறது.

கோடைக்கானல் மலையில் குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். 2018-இல் பூத்தது, அடுத்து 2030-இல் பூக்கவேண்டும். "அதைப் பார்க்கவும் எல்லாரும் போவோம்" என்று பிள்ளைகள் இப்போதே பெயர் கொடுக்கிறார்கள். லஸ்கர் வீட்டம்மாவிடம் சொன்னபோது, "அதுவரைக்கும் நான் இருக்கணுமே, சாமி" என்று சிரித்தார். புதிய ஏட்டில் முதல் பெயராக அவருடைய பெயரை எழுதிவைத்திருக்கிறேன். அவர் வரும் வேகத்தில்தான் அந்தப் பேருந்து புறப்படும்.